பீன்யாவும் 1971-உம்: ஒரு வைரஸின் வம்சாவளி சொல்வதும் சொல்லாததும்

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி, பீன்யா தொழிற்பேட்டை 1970களில் உருப்பெற்றது. லேத் பட்டறைகள், எந்திர உதிரிபாகத் தொழிற்கூடங்கள், பின்னர் ஆயத்த ஆடை ஆலைகள் என அது விரிந்தது. வட கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும், பிற்காலத்தில் ஒடிசா, பீகாரிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். ஏறக்குறைய அதே காலத்தில், எவர் கண்ணிலும் படாமல், எச்.ஐ.வி.யும் இந்தியாவுக்குள் வந்திருந்தது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது தவறு. ஆயினும் இரண்டாவது வரவின் காலத்தைக் கணித்த ஆய்வு பெங்களூருடன் தொடர்புடையது.

ஆவணங்களின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு 1986இல் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளரிடம் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது, ஆறில் தொற்று புலப்பட்டது. ஆனால் நோய் கண்டறியப்பட்ட ஆண்டு வேறு, அது வந்து சேர்ந்த ஆண்டு வேறு.

இந்த இடைவெளியை அளக்க உதவுவதே மூலக்கூறு நோய்ப்பரவலியல். எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. அவை காலப்போக்கில் ஓரளவு சீரான வேகத்தில் திரள்கின்றன. பலருடைய வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டால், அவற்றின் பொது மூதாதை வாழ்ந்த காலத்தை மதிப்பிடலாம். பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றைச் சார்ந்த உஜ்வல் நியோகி முதலானோர், 7 மாநிலங்களைச் சேர்ந்த 168 பேரின் மாதிரிகளைக் கொண்டு 2012இல் இதனைச் செய்தனர். இந்தியாவில் மேலோங்கி நிற்கும் சி துணைவகையின் மூதாதைக்கு அவர்கள் கணித்த ஆண்டு 1971. பிழை எல்லை 1965 முதல் 1976 வரை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே கிளை, அல்லது நெருங்கிய உறவுடைய சில கிளைகள், இங்கே தனித்து வளர்ந்தன. 1980களில் அவை மிக விரைவாகப் பெருகின. அதாவது, சென்னையில் முதல் தொற்று அறியப்படுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்பே வைரஸ் இங்கு இருந்தது.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு தடுப்புப் பணிக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே மரபணுவுக்குப் பதிலாக இரண்டு மூன்று மரபணுக்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ 10 விழுக்காட்டு வைரஸ்கள் இரு துணைவகைகளின் கலப்பாகத் தெரிந்தன. கர்நாடகத்தில் பி, சி துணைவகைகளின் கலப்பை, ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்கா குழுவினரும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் 2005இலேயே பதிவு செய்திருந்தனர். ஒரே உடலில் இரு வைரஸ்கள் கூடினாலன்றிக் கலப்பு பிறக்காது. ஆகவே தொற்று இல்லாதவரைக் காப்பதோடு தடுப்புப் பணி முடிந்துவிடுவதில்லை; தொற்றுடன் வாழ்வோருக்கும் அது உரியது.

கர்நாடகத்தில் 2003 முதல் இயங்கிய ‘ஆவஹன்’ திட்டம் வேறு வகைச் சான்றுகளையே நம்பியது. பாலியல் தொழில் நடக்கும் இடங்களை வரைபடமாக்குதல், அத்தொழிலில் இருப்போரையே வழிகாட்டிகளாக்குதல், லாரி ஓட்டுநரைச் சாலையோரத்தில் சந்தித்தல் ஆகியன அதன் வழிகள். மரபணு வரிசைக்கு அதில் பெரும் பங்கில்லை. அரசு சிகிச்சை மையங்களிலும் மருந்து தொடங்கும் ஒவ்வொருவருக்கும் வரிசை எடுக்கும் வழக்கம் இல்லை.

அவ்வழக்கம் உள்ள கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், 2014இல் மூன்று மாதங்களில் 11 புதிய தொற்றுகள் ஒரே கொத்தாகத் திரள்வதைக் கணினி காட்டியது. அவற்றுள் 8 மருந்தெதிர்ப்பு கொண்டவை. சுகாதாரப் பணியாளர் உடனே அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பெரும்பாலோரின் வைரஸ் அளவு அடங்கியது. வம்சாவளி மரம் பழைய வரலாற்றைச் சொல்வதோடு நிகழ்காலத்துக்கும் வழிகாட்டும் என்பதற்கு இது சான்று.

அதே மரம் ஆபத்தாகவும் மாறக்கூடும். இருவரின் வைரஸ்கள் ஒத்திருப்பதால் மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என முடிவு செய்ய இயலாது. மாதிரி எடுக்கப்படாத மூன்றாமவர் இடையில் இருக்கலாம். அமெரிக்காவில் 2018இல் இத்தகைய கண்காணிப்பு எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தபோது, சிகிச்சைக்காகத் தந்த இரத்தம் ஒப்புதலின்றி உறவுகளைத் துப்பறியப் பயன்படுகிறது என்று தொற்றுடன் வாழ்வோர் எதிர்த்தனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலையும் இரகசியத்தையும் வலியுறுத்துகிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மரபணு வரிசைக்கும் அந்தக் காப்பு முழுமையாக நீள வேண்டும்.

பீன்யாவில் வாடகை அறையில் தங்கித் தையல் ஆலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, தொற்று வெளியே தெரிந்தால் வேலை, இருப்பிடம், ஊருடனான உறவு மூன்றும் ஒருங்கே ஆட்டம் காணும். அச்சம் மிகுந்தால் அவர் சோதனைக்கே வரமாட்டார். அவர் வராவிட்டால் மரத்தில் ஒரு கிளை மறையும். 1971க்கும் 1986க்கும் இடையே வைரஸ் மறைந்து பரவியதற்குக் கருவியின்மை காரணம். கருவி கைக்கு வந்தபின் அது மீண்டும் மறையுமானால், நம்பிக்கையின்மையே காரணமாக இருக்கும்.