தேவிகுளம்: கேரள சட்டப்பேரவையில் ஒலிக்கும் தமிழ்க் குரல், பின்னணி என்ன?

கேரள சட்டப்பேரவையில் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதித்துவத்தோடு நெருங்கிய தொடர்புடைய தொகுதி தேவிகுளம். இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி, மூணாறு, மறையூர், வட்டவடை ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய இத்தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதாகும். இதன் உறுப்பினர் எந்த மொழியில் பேசலாம், அவையில் அமர அவருக்கு உரிமை உண்டா என்பனவே விவாதப் பொருளான வரலாறு இத்தொகுதிக்கு உண்டு.

1956-இல் தொடங்கிய கேள்வி

மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அளித்த அறிக்கை இக்கோரிக்கையை ஏற்கவில்லை. தோட்டத் தொழிலுக்காகக் குடியேறியவர்களாலேயே அங்கு தமிழர் பெரும்பான்மை ஏற்பட்டதாகவும், பொருளாதார அடிப்படையில் அப்பகுதி கேரளத்துக்கு இன்றியமையாதது எனவும் ஆணையம் கருதியது. அதன்படி 1956 நவம்பர் 1 அன்று உருவான கேரளத்தில் அவ்விரு வட்டங்களும் நீடித்தன.

1957 தேர்தலில் இங்கு வென்ற கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ், கேரளப் பேரவையின் முதல் தற்காலிகத் தலைவராகப் பணியாற்றினார். அவரது தேர்தல் செல்லாது என அறிவிக்கப்பட்டதையடுத்து, 1958 இடைத்தேர்தலில் போட்டியிட்டு மீண்டும் வென்றார்.

தமிழில் பதவிப் பிரமாணம்

2021 தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்ற ஏ.ராஜா, அந்த ஆண்டு மே 24 அன்று தமிழில் பதவியேற்றார். மாநிலத்தின் வடகோடித் தொகுதியான மஞ்சேசுவரத்தின் உறுப்பினர் ஏ.கே.எம்.அஷ்ரப் அதே நாளில் கன்னடத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

ராஜா வாசித்த தமிழாக்கத்தில் 'கடவுளின் பெயரால்' என்ற தொடரோ, 'உளமார உறுதி கூறுகிறேன்' என்ற பொருள்தரும் தொடரோ இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இப்பிழையால் ஜூன் 2 அன்று அவர் மீண்டும் பதவியேற்க நேர்ந்தது. முறையாக உறுதிமொழி ஏற்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்க அரசியலமைப்பின் 193-ஆவது பிரிவு வகைசெய்கிறது.

விவாதங்களில் பேசும் மொழி குறித்து 210-ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. மாநில ஆட்சிமொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் தம் கருத்தைப் போதிய அளவில் எடுத்துரைக்க இயலாத உறுப்பினர், பேரவைத் தலைவரின் அனுமதியுடன் தாய்மொழியில் பேசலாம்.

பேசலாம்; வாக்களிக்க முடியாது

ராஜா பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குத் தகுதியற்றவர் எனக் கூறி, அவரிடம் தோல்வியுற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குத் தொடர்ந்தார். மதம் குறித்த சர்ச்சையுடன், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவரது குடும்பம் இம்மண்ணைச் சேர்ந்ததா, பின்னர் குடியேறியதா என்ற கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் அவரது வெற்றியை ரத்து செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவை நடவடிக்கைகளில் அவர் பங்கேற்கலாம். ஆனால் வாக்களிக்கவோ படிகள் பெறவோ கூடாது என நிபந்தனை விதிக்கப்பட்டது. 2025 மே 6 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அவரது தேர்வு செல்லும் என அறிவித்தது.

மொழிச் சட்டங்கள்

கேரள ஆட்சிமொழிகள் சட்டம் (1969), தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழர்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பாகும். பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், 2025 அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவும் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்ற விவாதத்தை மீண்டும் எழுப்பின. பின்னதில் தமிழ், கன்னட மொழியினருக்கான விதிவிலக்கு இடம்பெற்றுள்ளபோதிலும், காசர்கோடு கன்னடர்களின் நலன் கருதி கர்நாடக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

கூலியும் கூரையும்

மூணாறில் 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்ட தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துப் போராடினர். 20 சதவீத போனஸும், 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ரூபாயாக உயர்த்துவதும் அவர்களது கோரிக்கைகள். அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளை மூடியதில் 70 பேர் பலியாகினர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்.

'லயம்' எனப்படும் இவ்வரிசை வீடுகள் தோட்ட நிர்வாகத்துக்கே உரியவை. தலைமுறைகளாக இங்கு உழைத்தவர்களும் ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்க 1971-இல் பேரவை சட்டம் இயற்றியது. எனினும் சொந்த நிலமும் வீடும் என்ற தொழிலாளர்களின் கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. 1955-இல் 'குடியேறியவர்கள்' எனக் குறிக்கப்பட்ட இம்மக்கள் இம்மண்ணுக்கு உரியவர்கள் என்பதை நீதிமன்றம் ஓர் உறுப்பினரின் வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. வீட்டுப் பட்டாவின் வழியே அதை ஏனையோருக்கும் உறுதிசெய்வதே தேவிகுளத்தின் பிரதிநிதியாகப் பேரவைக்குச் செல்லும் எவர் முன்னும் உள்ள பணியாகும்.