குழுக்களும் சொற்களும்: பாலியல் வன்முறைத் தடுப்புக் குழுக்களின் வரலாற்றில் மொழி

1. முன்னுரை

பாலியல் வன்முறையைத் தடுக்கவும், நிகழ்ந்தபின் பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்கவும் இந்தியாவில் தன்னார்வக் குழுக்கள் இணைந்து செயற்படத் தொடங்கி ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இவற்றின் வரலாற்றைச் சட்ட வரலாறாகவோ சமூக இயக்க வரலாறாகவோ எழுதுவதே பெருவழக்கு. ஆனால் இக்குழுக்கள் எதிர்கொண்ட சிக்கல்களுள் முதன்மையானது மொழிச்சிக்கல் ஆகும். நிகழ்ந்ததற்கு என்ன பெயர், அப்பெயரை யார் இடுவது, சொன்னவரின் சொல் எழுத்தில் எவ்வாறு மாறுகிறது என்னும் வினாக்கள் தொடக்கம் முதலே எழுந்துள்ளன. இவ்வினாக்களைப் பெங்களூர் சிவாஜிநகரை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. குழுக்களின் தோற்றமும் வளர்ச்சியும்

மகாராட்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்தினுள் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய மதுரா வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. உபேந்திர பட்சி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் விடுத்தனர். பணிந்துபோதல் வேறு, இசைதல் வேறு என்பது அம்மடலின் மையக் கருத்துகளுள் ஒன்று. இரு சொற்களின் பொருள் வேறுபாடே நாடு தழுவிய இயக்கம் ஒன்றுக்கு அடித்தளமாயிற்று என்பது மொழியியலாளர் கருதத்தக்கது. 1980இல் பம்பாயில் வல்லுறவுக்கு எதிரான பெண்கள் மன்றம் உருவாயிற்று. பெங்களூரில் 1979இலேயே விமோசனா அமைப்பு தோன்றியிருந்தது. இவற்றைப் போன்ற குழுக்களின் முயற்சியால் 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது.

இராசத்தானத்தில் பட்டேரி என்னும் சிற்றூரில், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்க் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்முறைக்கு ஆளானார். குற்றஞ்சாட்டப்பட்டோரை 1995இல் கீழமை நீதிமன்றம் அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. விசாகா முதலிய பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்டு 13இல் வெளிவந்த தீர்ப்பு, பணியிடந்தோறும் புகார்க் குழு அமைக்க வேண்டும் என நெறிவகுத்தது. குழுவின் தலைவர் பெண்ணாதல் வேண்டும்; உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாதல் வேண்டும்; தன்னார்வ அமைப்பு போன்ற வெளியமைப்பு ஒன்று பங்கேற்க வேண்டும். தெருவிலும் மன்றத்திலும் இயங்கிய தன்னார்வக் குழு இவ்வாறு அலுவலகத்திற்குள் ஓர் இருக்கை பெற்றது.

இந்நெறிகள் 2013இல் சட்டமாயின. பத்துக்குக் குறைந்த பணியாளர் உள்ள இடங்களுக்கும், முதலாளிமீதே குற்றம் சாட்டப்படும் நேர்வுகளுக்கும், வீட்டுப் பணியாளர்களுக்கும் மாவட்டந்தோறும் ஒரு குழு விதிக்கப்பட்டது. அதன் தலைவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், நியமன உறுப்பினருக்கு 200 ரூபாய் என்பது அவ்வாண்டு விதிகள் குறித்த படி. இத்தொகை இப்பணி இன்னும் தன்னார்வப் பணியே என்பதைக் காட்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குழுக்களின் பெயர்களிலிருந்து புகார் என்னும் சொல்லை நீக்கியது. ‘உள்ளகப் புகார்க் குழு’ ‘உள்ளகக் குழு’ ஆயிற்று. ‘உள்ளூர்ப் புகார்க் குழு’ ‘உள்ளூர்க் குழு’ ஆயிற்று.

3. சொல் வரலாறு

தமிழில் இக்குற்றத்திற்கு நெடுங்காலம் வழங்கிய சொல் கற்பழிப்பு. இது குற்றத்தின் இயல்பைக் குறிக்காமல், பெண்ணிடம் இருப்பதாகக் கொள்ளப்பட்ட ஒரு பண்பின் இழப்பைக் குறிக்கிறது. ‘கற்பழிக்கப்பட்டாள்’ என்னும் செயப்பாட்டு வினையில் செய்தவன் மறைகிறான். அழிந்தது அவளுடையது என்பது மட்டும் எஞ்சுகிறது. உருதுவின் ‘இஸ்மத் தரீ’யும் கற்பைக் கிழித்தல் என்னும் பொருளதே. கன்னடத்தின் ‘அத்யாசார’ நெறிபிறழ்ந்த செயலைச் சுட்டுவதால் அதிலிருந்து வேறுபடுகிறது.

பெண்கள் அமைப்புகளின் வற்புறுத்தலால் தமிழில் மாற்றுச் சொற்கள் பரவின. ஈழத்தமிழில் ‘பாலியல் வல்லுறவு’ நிலைபெற்றது. தமிழ்நாட்டுச் சட்ட வழக்கில் ‘வன்புணர்ச்சி’யும் செய்தித்தாள்களில் ‘பாலியல் வன்கொடுமை’யும் வழங்குகின்றன. வன்கொடுமை என்பது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான சட்டத்தின் தமிழ்ப் பெயரில் முன்னரே இடம்பெற்ற சொல். இதனால் குற்றத்தின் கடுமை வெளிப்படுகிறது. ஆயினும் வன்புணர்ச்சியும் பிற பாலியல் தாக்குதல்களும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. குழுவின் பதிவுக்கு இப்பொதுமை போதாது.

தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ‘ஈவ் டீசிங்’ தடைச்சட்டம் எனவே பெயர் பெற்றிருந்தது. கேலி என்னும் பொருள்தரும் அப்பெயர் நீக்கப்பட்டுப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் எனப் பின்னர் மாற்றப்பட்டமை சொல்லின் விளைவைச் சட்டமன்றமும் உணர்ந்ததற்குச் சான்று.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய வேறொரு சொல்லும் உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில், எந்நடத்தை துன்புறுத்தல் ஆகும் என்பதற்கு அளவுகோல் பாதிக்கப்பட்டவர் அதனை ஏற்கவில்லை என்பது. தமிழாக்கங்களில் இதற்கு ‘விரும்பத்தகாத’ என்னும் பெயரெச்சம் ஆளப்படுவதைக் காண்கிறோம். விரும்பத்தகாதது என்றால் விரும்புதற்குத் தகுதியற்றது என்பது பொருள். தகுதியை முடிவு செய்வோர் பிறர். ‘அவர் விரும்பாத’ என்று பெயர்த்தால் முடிவு அவரிடம் நிற்கும். ‘தகாத’ என்னும் ஒரு துணைவினையால் அளவுகோல் ஒரு பெண்ணின் மனத்திலிருந்து ஊரின் மதிப்பீட்டிற்கு மாறிவிடுகிறது.

4. சிவாஜிநகர்: பேச்சும் பதிவும்

பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தபின், சென்னை மாகாணத்தின் வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் அங்குக் குடியேறினர். படைவீட்டைச் சார்ந்து பிளாக்பள்ளி என வழங்கிய பகுதியே இன்றைய சிவாஜிநகர். படைவீட்டுப் பகுதி 1947இல் மைசூர் அரசின் ஆட்சியுடன் இணைந்தது. ரசல் சந்தை, தூய மரியன்னை பேராலயம், பௌரிங் மருத்துவமனை ஆகியவை சூழ்ந்த இப்பகுதியில் தமிழ், தக்கினி உருது, கன்னடம், தெலுங்கு ஆகியன ஒரே தெருவில் ஒலிக்கின்றன. சிறு கடைகளும் தையற்கூடங்களும் மிகுந்த இத்தகைய பகுதியில், பத்துப் பணியாளர் இல்லாத இடங்களில் வேலை செய்வோருக்கும் வீட்டுப்பணிக்குச் செல்வோருக்கும் உரிய குழு, பெங்களூர் நகர மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவே.

அக்குழுவின்முன் தமிழ்ப்பெண் ஒருவர் ‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்று சொல்வதாகக் கொள்வோம். இடக்கரடக்கலாகிய இத்தொடர் தகாத பேச்சு முதல் வன்புணர்ச்சி வரை எதனையும் குறிக்கும். ‘கையப் புடிச்சு இழுத்தான்’ என்பது நிகழ்ந்ததை அப்படியே கூறுவதாகவும் அமையலாம். அதனினும் கடுமையானதைக் குறிக்கும் மரபுத்தொடராகவும் அமையலாம். ‘கெடுத்துட்டான்’ என்பது வன்புணர்ச்சியையே சுட்டும். அதனுடன் உறவுடைய ‘கெட்டுப்போனவள்’ என்னும் பழிச்சொல் நினைவுக்கு வருவதால், பெண்கள் அதனைச் சொல்லத் தயங்குவர். கேட்பவர் தமிழறியாதவராயின், முதல் தொடர் கன்னடத்தில் ‘அசப்யவாகி வர்த்திசித’, அதாவது நாகரிகமின்றி நடந்தான், என எழுதப்படக்கூடும். இடக்கரடக்கல் அதனால் முழு வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

இதன் விளைவு சிறிதன்று. வீட்டுப் பணியாளரின் புகாரில் முதல்நோக்கில் வழக்கு உளதெனக் கண்டால் ஏழு நாள்களுக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின் 11ஆம் பிரிவு. அம்முதல்நோக்கு பெரிதும் எழுத்துப் புகாரையே சார்ந்திருக்கும். எழுத இயலாதவருக்குத் தக்க உதவி செய்ய வேண்டும் என 9ஆம் பிரிவு கூறுகிறது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஏதும் கூறவில்லை. குழந்தைகளுக்கான 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ தகுதியும் பட்டறிவும் உடைய மொழிபெயர்ப்பாளரின் உதவியை 26ஆம் பிரிவில் வெளிப்படையாகக் குறிக்கிறது.

புகார் என்னும் சொல்லே மொழிதோறும் வேறு வேறு சார்புடையது. தமிழ்ப் புகார் ‘புகார்’ என்னும் இந்துத்தானிச் சொல்லிலிருந்து வந்தது. கூவியழைத்தல் அதன் பொருள். கன்னடத்தில் புகார் ‘தூரு’ எனப்படும். அது தமிழின் தூறு, தூற்று என்பனவற்றோடு இனமான சொல். கன்னடத்தில் முறையீட்டைக் குறிக்கும் சொல்லின் தமிழ்க் கிளை பழிகூறுதலைக் குறித்து நிற்கிறது. குழுவின்முன் வரும் பெண் அஞ்சுவதும் தன் முறையீடு தூற்றலாகக் கொள்ளப்படுமோ என்பதே.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில நடைமுறைகள் பெறப்படும். முறையிடுபவரின் தொடர் அவருடைய மொழியிலேயே முதலில் எழுதப்பட்டு, பெயர்ப்பு அதனருகே இடம்பெற வேண்டும். இடக்கரடக்கல் வருமிடத்து ‘என்ன செய்தான்’ எனத் திறந்த வினாவால் விளக்கம் கேட்க வேண்டும். விடையைக் கேட்பவரே எடுத்துக்கொடுத்தல் கூடாது. எழுதியதை அவருக்கே அவர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். பெயர்ப்பவர் அக்கம்பக்கத்தாரோ உறவினரோ ஆகாமலும், அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்யும் 16ஆம் பிரிவை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். சிவாஜிநகர் போன்ற பகுதிகளின் பேச்சுத்தமிழ், தக்கினி, கன்னட இடக்கரடக்கல்களைத் தொகுத்து ஒரு சிறு சொற்கோவை அமைப்பது மொழியியலாளர் செய்யக்கூடிய பணி.

பணிந்துபோதல் இசைவாகாது என்று 1979இல் நால்வர் எடுத்துரைத்தனர். பேசத் தயங்கிச் சொன்ன ஒரு தொடர் முழு வாக்குமூலம் ஆகாது என்பதைக் குழுக்களுக்கு எடுத்துரைக்கும் கடமை இன்று மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்ததாகும்.