சின்னப் போத்தலுக்குப் பெரிய விலை: பயணக் குப்பிகளை வாங்கத்தான் வேண்டுமா?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் பயணப்பையைத் திறந்தால், சொக்கலேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே இப்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ஷாம்பு, கிறீம், முகம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக நிரப்பிக்கொள்ளும் அழகான குப்பிகள். சில சிலிக்கோனில், சில அலுமினியத்தில். இன்னும் சில, ஒன்றோடொன்று காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் அறுகோணச் சிமிழ்கள். திரும்பத் திரும்ப நிரப்பலாம், பிளாஸ்டிக் குப்பை குறையும், பையில் ஒழுகாது என்பவை விற்பவர்கள் சொல்லும் மூன்று காரணங்கள். பூனாகலைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வெளிநாடு போகிற பெண்களும் இதைப் பார்த்துவிட்டு "நமக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

முதலில் விலை. கேடன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காந்தச் சிமிழ் ஒன்று 14 டொலர் அளவில் விற்கப்பட்டது. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 4,200 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமாக 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் ஒரு சிமிழுக்கு மூன்று நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. ஆறு சிமிழ் என்றால் பதினெட்டு நாளும் போதாமல் இருந்தது. உள்ளே ஊற்றும் ஷாம்புவின் விலை இதில் இல்லை.

இந்தக் குப்பிகளுக்குச் சந்தை உருவானதே விமான நிலையத்தால்தான். 2006 ஓகஸ்டில் பிரித்தானியாவிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு, கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு வந்தது. எல்லாக் குப்பிகளும் ஒரு லீற்றர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பலர் தவறு செய்வது ஓர் இடத்தில். பார்க்கப்படுவது உள்ளே இருக்கும் திரவத்தின் அளவல்ல, குப்பியின் கொள்ளளவு. 200 மில்லிலீற்றர் போத்தலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் இடையில் விமானம் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் அங்கே பறிபோகும்.

வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விடயம், இந்த 100 மில்லிலீற்றர் விதி கைப்பைக்கு மட்டுமே. சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியில் வீட்டிலிருந்து கொண்டுபோகும் தேங்காய் எண்ணெயையும் முழு ஷாம்பு போத்தலையும் வைக்கலாம். கட்டிச் சவர்க்காரம் திரவமே அல்ல. அதற்குக் கைப்பையிலும் தடை இல்லை, குப்பியும் வேண்டாம். ஆகவே இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒருமுறை போய் ஒருமுறை திரும்பும் ஒருவருக்கு விலை உயர்ந்த குப்பி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஒழுகல் பற்றிய பேச்சு வேறு. அது மலையகத்தவருக்குப் புதிதல்ல. கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கட் பண்டாரவளைக்கு வரும்போது பலூன் மாதிரி ஊதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் பக்கட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமோ 1,800 முதல் 2,400 மீற்றர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். பாதி நிரப்பிய போத்தலில் மீதிப் பாதி காற்று. அது விரியும்போது திரவத்தை மூடி வழியே வெளியே தள்ளுகிறது. இதற்கு 14 டொலர் செலவழிக்கத் தேவையில்லை. மிருதுவான போத்தலை லேசாக அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு மூடியை இறுக்க வேண்டும். மூடிக்குக் கீழே ஒரு துண்டு பொலித்தீன் வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. புதுப் போத்தல் என்றால், சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒரு இரவு பழைய பத்திரிகைத் தாளில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் சொல்லிவிடும்.

சிலிக்கோன் நன்றாக அமுங்கும், கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோன் கலந்த தலைமுடிச் சீரம் ஊற்றினால் ஊதிப்போகலாம். அலுமினியம் பார்க்க அழகு, ஆனால் நசுங்கினால் மூடி சரியாக உட்காராது. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் போட்ட சாதாரண பிளாஸ்டிக் போத்தல், சவர்க்காரத் திரவத்துக்கும் ஷாம்புவுக்கும் போதுமானது. முடிந்துபோன சிறிய ஷாம்பு போத்தலைக் கழுவிக் காயவைத்தால் அதுதான் மலிவான பயணக் குப்பி.

காயவைப்பதுதான் இதில் முக்கியம். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாவிப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்றன்றைக்குப் பரவாயில்லை. நாட்கணக்கில் வைத்தால், ஷாம்புவில் இருக்கும் பதப்படுத்தும் பொருள் நீர்த்துப்போய் கிருமி வளரும். மருந்தை வேறு குப்பிக்கு மாற்றவே வேண்டாம். பெயரும் திகதியும் அளவும் இல்லாத குப்பியை எந்த வைத்தியராலும் அடையாளம் காண முடியாது. மருந்தடிக்கிற தோட்டங்களில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பூச்சிமருந்து, களைகொல்லி இருந்த போத்தல் எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் வரக்கூடாது. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதும் அப்படித்தான். பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

குப்பை குறையும் என்ற காரணத்துக்கு வருவோம். சின்னப் பக்கட்டில் ஷாம்பு விற்கும் யோசனை தமிழ்நாட்டில் பரவியதற்குக் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனின் முயற்சி பெரிய காரணம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு பக்கட்டை ஊரூராகக் கொண்டுபோனது. அதற்கும் முன்னால், 1890இல் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி பிரித்தானியாவின் ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்கு விற்றுப் பணக்காரர் ஆனார். கையில் கொஞ்சமாகக் காசு உள்ளவருக்குக் கொஞ்சமாக விற்பது என்ற வித்தை பூனாகலைக்குப் பக்கத்து மலையிலேயே நடந்ததுதான்.

இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு உட்பட்ட சஷே பக்கட்டுகளைத் தடைசெய்தது. ஓடைகளில் பக்கட் அடைபடுவதைப் பார்த்தவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் பக்கட் வாங்கியவர் சோம்பலால் வாங்கவில்லை. 400 மில்லிலீற்றர் போத்தலுக்கு ஒரேயடியாகக் கொடுக்கப் பணம் இல்லாததால் வாங்கினார். திரும்ப நிரப்பும் குப்பி மிச்சம் பிடிக்க வேண்டுமானால், அதை நிரப்ப வீட்டில் ஒரு பெரிய போத்தல் இருக்க வேண்டும். இதை விளம்பரம் எழுதுபவர்கள் யோசிப்பதில்லை. ஒரே லயத்தில் மூன்று வீட்டார் சீட்டுப் போடுவதுபோல் சேர்ந்து ஒரு பெரிய போத்தல் வாங்கி, பழைய குப்பிகளில் பிரித்துக்கொள்ளலாம். வாங்குமுன் விலையை மில்லிலீற்றரால் வகுத்துப் பாருங்கள். சில வேளை பெரிய போத்தல் மலிவாக இருப்பதில்லை.

இதையெல்லாம் பூனாகலையை வைத்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கே பயணப்பை என்பது சுற்றுலாவுக்கானது மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் தங்கவைக்கப்பட்டது கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில். 2023 மார்ச் 19இல் பூனாகலை கபரகலையிலேயே மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மறுபடி அடித்தது. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்கள், 2009இல் அங்கிருந்தும் ஒரு பையோடு நடந்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்த அனுபவம் இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கும் இருக்கும்.

அந்தப் பைக்கு விலை உயர்ந்த குப்பி தேவையில்லை. அனர்த்த காலத்துக்கான ஸ்பியர் தராதரம், ஒருவருக்கு மாதம் 250 கிராம் குளியல் சவர்க்காரமும் 200 கிராம் சலவைச் சவர்க்காரமும் வேண்டும் என்கிறது. பாடசாலை மண்டபத்தில் நூறு பேர் சில மலசலகூடங்களைப் பகிரும்போது வயிற்றோட்டத்தைத் தடுப்பது இந்தச் சவர்க்காரம்தான். ஆளுக்கு ஒரு கட்டி, மூடியுள்ள டப்பாவில். பெண்களுக்கான நப்கின், மாற்று உள்ளாடை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சிகிச்சை அட்டையும் தண்ணீர் புகாத பையில். மருந்து அதன் சொந்த உறையிலேயே. கைக்குழந்தை இருந்தால் ஒரு சிறிய போத்தலில் எண்ணெய், பெயர் எழுதி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டுவது இந்த மூன்று படிகளுக்கான அளவு. பையைக் கட்டி வைக்க வேண்டியது மஞ்சளிலேயே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

மாதாமாதம் விமானமேறும் ஒருவர், கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர் என்றால் ஒரு நல்ல சிலிக்கோன் குப்பி இரண்டு வாங்கலாம். காந்தச் சிமிழை யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காதணி, ஊசிநூல், மாத்திரைக்கு அல்லாத சின்னப் பொருட்கள் வைக்க அது நன்றாகத்தான் இருக்கிறது.