முதல் கியரின் முரண்டு

வண்டியோட்டத் தொடங்குவோன் முதலில் நாட வேண்டியது முதல் கியரையே. அதன் பெயரே அதற்குச் சான்று. ஆயினும் மோட்டார் வண்டியின் வரலாற்றை நோக்குங்கால், ஏனைய கியர்களெல்லாம் ஓட்டுநரின் கைக்குப் பணிந்துவிட்ட பின்னரும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாது நின்றது அந்த முதல் கியர்தான் என்பதைக் காண்கிறோம். அதிலும் அழகுக்கும் விரைவுக்கும் உலகப் புகழ் பெற்றிருந்த இங்கிலாந்து நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் இம்முரண்டு நெடுங்காலம் நீடித்தது. அது ஏன் நீடித்தது, அதன் பழியை யார் சுமந்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

1962ஆம் ஆண்டு வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். சாலை விளக்கு சிவப்பு, வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்குப் பச்சையாகிறது. ஓட்டுநர் கிளட்சை மிதித்து, கியர்க் கம்பை முதல் கியருக்குத் தள்ளுகிறார். 'கரக்' என்றொரு ஒலி! நடைபாதையில் செல்வோர் திரும்பிப் பார்க்கின்றனர். சில வேளைகளில் ஒலியும் எழாது. கம்பு பாதி வழியில் கல்லில் முட்டியதுபோல நின்றுவிடும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலியெழுப்பத் தொடங்கும். ஓட்டுநரின் முகம் சிவக்கும்.

பெட்டிக்குள் நிகழ்வது என்ன? எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாக ஒரு தண்டுக்கும், அதிலிருந்து அதனடியில் உள்ள துணைத் தண்டுக்கும் செல்கிறது. சக்கரங்களோடு பிணைந்த தண்டு வேறு. வண்டி நிற்கும்போது சக்கரத்தண்டு அசைவற்றிருக்கும். கிளட்சை மிதித்தாலோ, எஞ்சினின் தொடர்பு அறுமேயன்றித் துணைத் தண்டு உடனே நின்றுவிடுவதில்லை. தள்ளிவிட்ட ஊஞ்சல்போல அது இன்னும் சில கணங்கள் தானே சுழலும். சுழலும் பற்களுக்குள் நிற்கும் பற்களைத் திணிக்க முயன்றால் கரகரப்பு எழாமல் என் செய்யும்? துணைத் தண்டு முற்றும் நின்றுபோய், பல்லின் நுனியோடு பல்லின் நுனி நேருக்கு நேர் நின்றுவிட்டாலோ, கம்பு உள்ளே செல்லாது. முதல் நோய்க்கு மருந்து பொறுமை. இரண்டாவதற்கு மருந்து கிளட்சைச் சற்றே விட்டு மீண்டும் மிதித்தல். ஆக, ஒரே கியருக்கு ஒன்றுக்கொன்று மாறான இரு தொல்லைகள்!

இத்தொல்லை எம்.ஜி.பி.யோடு பிறந்ததன்று, மோட்டார் வண்டியோடு பிறந்தது. 1890களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியியலாளர் எமில் லெவாசோர், பற்சக்கரங்களைத் தண்டின்மீது நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறையைத் தம் பன்ஹார் லெவாசோர் வண்டிகளில் அமைத்தார். முரட்டு முறைதான், ஆனாலும் வேலை செய்கிறது என்ற கருத்துப்பட அவரே சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவர் சோம்பித் திரிந்த மனிதர் அல்லர். 1895ஆம் ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் பந்தயத்தில், ஓட்டும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்காமல், 48 மணி நேரத்துக்கு மேல் தாமே ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். (அவருடைய வண்டியில் இரண்டே இருக்கைகள் இருந்தமையால் முதற்பரிசு வேறொருவருக்குப் போயிற்று என்பது தனிக்கதை.) அத்தகைய உடலுறுதியும் மனவுறுதியும் உடையவர் அமைத்த பெட்டியைத்தான், பின்னர் உலகத்திலுள்ள சாதாரண மக்களெல்லாம் ஓட்ட நேர்ந்தது.

முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓட்டுநர்கள் இருமுறை கிளட்ச் மிதிக்கும் வித்தையால் காலந்தள்ளினர். கிளட்சை மிதித்துக் கியரை விலக்கி, கிளட்சை விட்டு, எஞ்சினை வேண்டிய அளவு விரைவுபடுத்தி, மீண்டும் மிதித்துக் கீழ்க் கியரில் கோப்பது அவ்வித்தை. செவியும் காலும் கையும் ஒருங்கே இசைய வேண்டும். கைவந்தவருக்கு அது இசை; வராதவருக்கு இடி.

இதற்கு விடிவு அமெரிக்காவிலிருந்து வந்தது. எர்ல் தாம்சன் என்பார் ஆக்கிய சிங்க்ரோமெஷ் என்னும் ஒத்திசைவு அமைப்பைக் காடிலாக் நிறுவனம் 1928இல் தன் புதிய வண்டிகளில் வெளியிட்டது. பற்கள் சந்திக்குமுன் கூம்பு வடிவான இரு பரப்புகள் ஒன்றையொன்று உரசி, விரைவுகளைச் சமமாக்கிவிடும். பிறகுதான் பற்கள் கோத்துக்கொள்ளும். ஓட்டுநரின் செவி செய்த வேலையை உலோகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மூன்று கியர்ப் பெட்டியில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான் இவ்வசதி, முதலாவதற்கு இல்லை. நிற்கும் வண்டியைக் கிளப்ப மட்டுமே முதல் கியர் பயன்படும், அதற்கெதற்கு இச்செலவு என்பது எண்ணம். தொடக்கத்தில் அது நியாயமான எண்ணமே. அது எவ்வளவு காலம் நியாயமாக இருந்தது என்பதுதான் வினா.

இயலாத காரியமா என்றால், இல்லை. இங்கிலாந்திலேயே ஆல்விஸ் நிறுவனம் 1933இல் நான்கு கியர்களுக்கும் ஒத்திசைவு அமைந்த பெட்டியைச் செய்து காட்டிவிட்டது. செருமனியில் போர்ஷே தன் 356 வண்டிக்கு 1952இல் அதைச் செய்தது. இவற்றையெல்லாம் கண்ட பின்னரும், இங்கிலாந்தின் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பழைய வழியிலேயே நடந்தன. 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி., 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற எம்.ஜி.ஏ., 1948இல் இலண்டன் கண்காட்சியைக் கலக்கிய ஜாகுவார் எக்ஸ்.கே.120 ஆகிய எவற்றிலும் முதல் கியருக்கு ஒத்திசைவு இல்லை. 1961இல் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் வெளியிடப்பட்டபோது மணிக்கு 150 மைல் செல்லும் வண்டி என்று உலகமே வாய்பிளந்தது. அதன் முதல் கியரும் அவ்வாறே. 1964இல் எஞ்சினைப் பெரிதாக்கியபோதுதான் ஜாகுவார் பெட்டியையும் மாற்றியது.

எம்.ஜி.பி.யின் கதை இன்னும் வியப்பானது. அது வெளிவந்த அதே 1962ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்ட்டினாவும் வெளிவந்தது. கார்ட்டினா குடும்பத்தலைவன் மனைவி மக்களோடு சந்தைக்குச் செல்லும் எளிய வண்டி. அதன் நான்கு முன்கியர்களுக்கும் ஒத்திசைவு இருந்தது! நேர்ப் போட்டியாளரான ட்ரையம்ஃப் டி.ஆர்.4 அதற்கு முந்திய ஆண்டே அதைப் பெற்றுவிட்டது. விரைவின் சின்னமாக விற்கப்பட்ட எம்.ஜி.பி. மட்டும் சாலை விளக்கருகே கரகரத்துக்கொண்டு நின்றது.

காரணம் மறைபொருளன்று. எம்.ஜி.பி.யின் பெட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பிறந்ததன்று. அதே நிறுவனக் கூட்டத்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற குடும்ப வண்டிகளின் பெட்டியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இரண்டாம் கியரின் ஒத்திசைவு உறையின் மேற்புறத்திலேயே முதல் கியரின் பற்கள் வெட்டப்பட்டிருந்தன. இடமும் மிச்சம், பொருளும் மிச்சம். முதல் கியருக்குத் தனி ஒத்திசைவு வேண்டுமாயின் பெட்டி முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். பெட்டி பெருத்தால் வண்டியின் தரையையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும்.

இங்கேதான் எனக்கொரு மனக்குறை. செலவை மிச்சப்படுத்தியதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். மலிவாக விற்றதால்தான் எளியவர் பலர் அந்த வண்டிகளை வாங்க முடிந்தது. ஆனால் அம்மிச்சம் நாளடைவில் ஒரு வீரப் பண்பாடாக உருமாறியது. முதல் கியரை ஒலியின்றிப் போடத் தெரிந்தவனே உண்மையான ஓட்டுநன், ஒலியெழுப்புகிறவன் கத்துக்குட்டி என்று ஆர்வலர்கள் பேசலாயினர். பெட்டியின் குறை ஓட்டுபவனின் குறையாயிற்று. நானும் அதற்கு ஆளானவன். தாய்மாமனின் பழைய ஆங்கில வண்டியொன்றில் பழகியபோது, மேட்டில் வண்டி தவழ்ந்துகொண்டிருக்கையில் இரண்டிலிருந்து முதலுக்கு இறக்கினேன். "அரைக்காதடா மருமகனே, அது என்ன அரிசி மாவா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. என் கைதான் கோணல் என்று பல்லாண்டு நம்பியிருந்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், மாணவன் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் தவறினால் முதலில் பாடத்தைப் பார் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்போதும் அந்த வண்டியின் நினைவு எனக்கு வரவில்லை.

நிற்கும் வண்டியைக் கிளப்ப மட்டுமே முதல் கியர் என்ற வாதமும் சாலையில் நிற்கவில்லை. ஆல்ப்ஸ் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் வண்டி நடைவேகத்துக்குத் தளர்ந்துவிட்டால் இரண்டாம் கியர் தாங்காது. ஓடும்போதே முதலுக்கு இறக்க வேண்டும். வித்தை தெரிந்தவர் இறக்கினர். தெரியாதவர் முற்றும் நிறுத்திவிட்டு, ஏற்றத்திலிருந்து மீண்டும் தொடங்கினர். நகர நெரிசலிலும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இதே கதிதான்.

1967ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எம்.ஜி.பி.யின் இரண்டாம் வடிவம் வந்தது. நான்கு கியர்களுக்கும் ஒத்திசைவு அமைந்த புதிய பெட்டி அதில் இடம்பெற்றது. எதிர்பார்த்ததுபோலவே, பெட்டி செல்லும் சுரங்கத்தை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. மினி வண்டிக்கு அவ்வசதி 1968இல் கிடைத்தது. மலாயாச் சாலைகளிலும் நிறைய ஓடிய மாரிஸ் மைனரோ 1971இல் உற்பத்தி முடியும்வரை அதைப் பெறாமலே ஓய்ந்தது. எம்.ஜி.பி.யைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

அவற்றுள் 1967க்கு முந்திய வண்டிகளைப் போற்றிக் காப்பவர்கள் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் சாலை விளக்கருகே நின்றால் கையைக் கவனிக்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் முதலுக்குப் போவதில்லை. கம்பை முதலில் இரண்டாம் கியருக்கு மெல்லத் தள்ளுகிறார்கள். அதன் ஒத்திசைவுக் கூம்பு, சுழலும் துணைத் தண்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்தக் கணத்திலேயே கம்பை நேர் முன்னே முதலுக்குத் தள்ளுகிறார்கள். ஒலியே எழுவதில்லை.