கொடி உள்ள மொழியும் கொடி இல்லாத மொழியும்



இன்று இரண்டு மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, ராஜஸ்தானில் ஜோத்பூர், பிகானேர் பக்கம் பேசும் மார்வாரி. நம் சென்னை சௌகார்பேட்டைக் கடைகளில் காதில் விழுமே, அதுதான். இன்னொன்று, போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கும் பெலாரஸ் நாட்டின் பெலாரசிய மொழி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

முதலில் உறவு. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். சமஸ்கிருதத்தின் அக்னி மார்வாரியில் 'ஆக்'. பெலாரசியத்தில் நெருப்புக்கு 'அஹோன்'. ஒரே பாட்டியின் தூரத்துப் பேத்திகள். ஆனால் மார்வாரியில் நமக்குப் பழக்கமான சிலவும் உண்டு. இந்தி எழுத்தில் வராத 'ள' அங்கே இருக்கிறது. நாம் 'நாம்', 'நாங்கள்' என்று பிரிப்பதுபோல், கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'ஆபாம்' என்றும், சேர்க்காமல் சொல்ல 'ம்ஹே' என்றும் அவர்களுக்கு இரண்டு சொற்கள்.

அடுத்தது பழம்பெருமை. இரண்டுமே ஒரு காலத்தில் அரசாங்க மொழிகள். 17ஆம் நூற்றாண்டில் ஜோத்பூரின் திவானாக இருந்த முஹ்ணோத் நைணசி, மார்வாரின் பர்கனாக்கள், ஊர்கள், வருவாய் எல்லாவற்றையும் 'மார்வாட் ரா பர்கனா ரீ விகத்' என்று மார்வாரி உரைநடையில் எழுதி வைத்தார். அந்தப் பக்கம், லிதுவேனியப் பெருங்கோமகன் நாட்டின் சட்டத் தொகுப்புகள் 1529, 1566, 1588 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அவை எழுதப்பட்ட பழைய மொழியைப் பெலாரசியர்கள், உக்ரைனியர்கள் இருவருமே தங்கள் முன்னோர் மொழி என்கிறார்கள். போலாட்ஸ்க் ஊர்க்காரர் பிரான்சிஸ்க் ஸ்கரினா 1517லேயே பிராகாவில் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டார்.

எழுத்திலும் ஓர் ஒற்றுமை. இரண்டும் பல எழுத்துகளில் எழுதப்பட்டவை. பெலாரசியத்துக்கு இன்று சிரிலிக். லத்தீன் எழுத்திலும் எழுதினார்கள். அங்கே குடியேறிய தாத்தார் முஸ்லிம்கள் அதையே அரபு எழுத்தில் எழுதினார்கள். மார்வாரிக்கு இன்று தேவநாகரி. வியாபாரிகளின் கணக்கு நோட்டில் மகாஜனி எழுத்து. அதில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 'காகா அஜ்மேர் போனார்' என்று எழுதிய கடிதத்தை 'காகா இன்று இறந்து போனார்' என்று படித்து வீட்டில் ஒப்பாரி வைத்தார்களாம். வடக்கே இன்றும் சொல்லும் பழைய வேடிக்கை இது.

பிறகு இரண்டுக்கும் சோதனைக் காலம். 1696இல் ஆவணங்களில் அந்தப் பழைய மொழிக்குப் பதில் போலிஷ் வந்தது. பிறகு ரஷ்யப் பேரரசு. பெலாரசியத்தை ரஷ்யனின் வட்டார வழக்கு என்றார்கள். 1920களில் சோவியத் ஆட்சியில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அது தழைத்தது. ஆனால் 1937 அக்டோபரில் ஒரே இரவில் மின்ஸ்கில் எழுத்தாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்வாரிக்கு அப்படி ரத்தம் சிந்தவில்லை. 1949இல் ராஜஸ்தான் உருவானது. ஆட்சிக்கும் பள்ளிக்கும் இந்தி வந்தது. அவ்வளவுதான். சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டது.

இன்றைய நிலைதான் யோசிக்க வைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மார்வாரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 78 லட்சம் பேர். ராஜஸ்தானி என்று சொன்னவர்கள் இன்னும் 2 கோடியே 58 லட்சம். அத்தனை பேரையும் இந்தியின் கீழே போட்டுக் கூட்டினார்கள். 2003இல் ராஜஸ்தான் சட்டமன்றமே எட்டாவது அட்டவணையில் ராஜஸ்தானியைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இன்னும் சேரவில்லை. ஆனால் சாகித்ய அகாதமி அதைத் தனி இலக்கிய மொழியாக ஏற்று, 1974இல் விஜய்தான் தேத்தாவுக்கு விருது கொடுத்தது. விருதுக்கு மொழி, கணக்கெடுப்புக்கு வட்டார வழக்கு!

பெலாரசியத்துக்கோ நாடு, கொடி, ஐ.நா.வில் நாற்காலி எல்லாம் உண்டு. 1990இல் அதுவே ஒரே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1995 வாக்கெடுப்பில் ரஷ்யனுக்கும் சம இடம் கொடுத்தார்கள். 2009 கணக்கெடுப்பில் சுமார் 53 சதவீதம் பேர் பெலாரசியம் எங்கள் தாய்மொழி என்றார்கள். வீட்டில் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 23 சதவீதம்தான். அப்போது சுமார் 95 லட்சம் பேர் இருந்த நாட்டில் அது 22 லட்சம். இரண்டும் கலந்த பேச்சுக்கு 'திரசியான்கா' என்று பெயர். வைக்கோலும் புல்லும் கலந்த மாட்டுத் தீவனத்துக்குச் சொல்லும் சொல் அது.

படையும் கொடியும் இருந்தால் மொழி, இல்லாவிட்டால் வட்டார வழக்கு என்று மொழியியலாளர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மார்வாரிக்கு அது பொருந்துகிறது. பெலாரசியத்தைப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்று தெரிகிறது. கொடி கிடைத்தும் அடுப்படியில் மொழி இல்லை. அடுப்படியில் இருந்தும் மார்வாரிக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஒன்றாம் வகுப்பில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லைப் பள்ளி 'தப்பு' என்று சொன்னால், அடுத்த தலைமுறையில் அந்தச் சொல் வீட்டிலும் இருக்காது. சட்டம் வேண்டும், சந்தேகமில்லை. அதோடு, தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளையிடம் வெட்கப்படாமல் பேசவும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு மொழிகளே சாட்சி.

உங்கள் தெருவில் மார்வாரி பேசும் குடும்பம் இருந்தால், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதில் பேசுகிறார்களா என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.