பள்ளிக்கூடத்தில் எரிந்த புறஊதா விளக்கு

புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லுமா என்பதில் சர்ச்சைக்கே இடமில்லை. வெயிலில் வைத்த சோதனைக் குழாய்களில் நுண்ணுயிர்கள் வளரவில்லை என்று 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 265 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமே பாக்டீரியாவை அதிகம் அழிக்கிறது என்பதை 1920களின் இறுதியில் ஃபிரெடரிக் கேட்ஸ் அளந்து சொன்னார். பாதரச ஆவி விளக்கின் கதிர் 253.7 நானோமீட்டர், கிட்டத்தட்ட அதே இடம். அந்தக் கதிர் பட்டால் கிருமியின் டி.என்.ஏ. சிதைந்து, அது பெருக முடியாமல் போகிறது. இவ்வளவு தெரிந்த கருவி ஏன் பல பத்தாண்டுகள் மூலையில் கிடந்தது? நோய் எந்த இடத்தில் தொற்றுகிறது என்று பார்க்காமல் விளக்கை மாட்டியது ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் அதைப் பார்த்தவர். இருமும்போது தெறிக்கும் துளிகள் உலர்ந்து, துகள்களாகக் காற்றில் நெடுநேரம் மிதந்து நோயைப் பரப்பும் என்று 1934இல் எழுதினார். 1937 முதல் பிலடெல்பியா வட்டாரப் பள்ளிகளில், பிள்ளைகளின் கண்ணில் படாதபடி வகுப்பறையின் மேற்பகுதியில் விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் தட்டம்மை வந்தபோது, விளக்கில்லாத வகுப்புகளில் கண்ட பாதிப்பில் ஏறத்தாழ கால் பங்குதான் விளக்கெரிந்த வகுப்புகளில். ஆனால் பின்னர் நியூயார்க் மாநிலத்துக் கிராமப் பள்ளிகளிலும் லண்டனை ஒட்டிய சவுத்ஹாலிலும் இதையே செய்து பார்த்தபோது பெரிய பலன் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலும் தெருவிலும் வீட்டிலும் கலந்து பழகினார்கள். அங்கெல்லாம் விளக்கு ஏது?

தோற்ற பிறகு தேடிய சாக்கு இது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் பால்டிமோரில் கிடைத்தது. 1950களின் பிற்பகுதியில் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்த விலங்குகளுக்கு மாதம் சுமார் மூன்று என்ற கணக்கில் நோய் தொற்றியது. புறஊதாக் கதிர் பட்டு வந்த காற்றைச் சுவாசித்தவற்றுக்குத் தொற்றவில்லை. கினிப்பன்றிகள் பேருந்தில் போவதில்லை. தொற்றுக்கு வேறு வழியே கிடையாது.

ஆனாலும் விளக்குக்கு மவுசு வரவில்லை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் நோய் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959இல் காட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவமனைகளே தேவையற்றுப் போக அது ஒரு காரணம். வார்டே இல்லாதபோது வார்டுக்கு விளக்கு எதற்கு? தட்டம்மைக்கும் 1963இல் தடுப்பூசி வந்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் தலையெடுத்த பிறகுதான் வெல்ஸின் பெயர் மறுபடி அடிபட்டது.

கோவிட் காலத்தில் மேசையையும் செல்போனையும் துடைப்பதற்குப் பதிலாகப் புறஊதா விளக்குகளை வாங்கிக் குவித்தோம். நேர்கோட்டில் செல்லும் ஒளி நிழலிலும் அழுக்குக்கு அடியிலும் புகாது. வெறும் விளக்கொளியால் ஒரு பரப்பு சுத்தமாகிவிடாது. அதைவிட முக்கியமாக, அந்த நோய் பெரும்பாலும் மேசையிலிருந்து தொற்றவில்லை, காற்றிலிருந்தே தொற்றியது. இனி புறஊதா விளக்கு வாங்குகிற பள்ளியோ மருத்துவமனையோ, காற்று தேங்கும் அறையின் மேற்பகுதியில், கதிர் கண்ணில் படாத உயரத்தில் அதை மாட்டட்டும்.