எலிசபெத் வில்லியம்ஸும் மான்களின் மெலிவு நோயும்

எலிசபெத் எஸ். வில்லியம்ஸ் (இறப்பு: டிசம்பர் 29, 2004) அமெரிக்கக் கால்நடை நோயியல் அறிஞர்; வயோமிங் பல்கலைக்கழகப் பேராசிரியர். மான்களின் நாட்பட்ட மெலிவு நோய், மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துவிடும் நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என முதலில் கண்டறிந்தவர்.

கண்டுபிடிப்பு

கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்கள் 1967 முதல் எலும்பும் தோலுமாகி இறந்தன. தலை தொங்கும், எச்சில் ஒழுகும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும். சத்துக் குறைவோ, அடைபட்டதால் வந்த நலிவோ என்றுதான் முதலில் எண்ணினர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த வில்லியம்ஸ், 1970களின் இறுதியில் இறந்த மான்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செம்மறி ஆடுகளின் ஸ்க்ரேப்பி நோயில் காணப்படும் அதே நுண்துளைகள் அதில் இருந்தன. ஸ்டூவர்ட் யங்குடன் சேர்ந்து 1980இல் இதை வெளியிட்டார். 1982இல் எல்க் மான்களிலும் இந்நோய் இருப்பதை இருவரும் விவரித்தனர்.

அழற்சி இல்லாத நோய்

கிருமி தாக்கிய மூளையில் வழக்கமாக வெள்ளணுக்கள் வந்து குவியும். இந்நோயில் நரம்புச் செல்கள் அழிந்தாலும் அத்தகைய அழற்சி தோன்றுவதில்லை. நோய்க்குக் காரணமான பிரியான், உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதத்தின் மடிப்பு மாறிய வடிவம். அதனால் நோய் எதிர்ப்பாற்றல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை. காய்ச்சல் இல்லை, எதிர்ப்பொருளும் உருவாகாததால், அதைத் தேடும் வழக்கமான இரத்தப் பரிசோதனை உதவாது. முகுளத்திலிருந்தும் தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுவிலிருந்தும் திசு எடுத்தே நோயை உறுதி செய்கின்றனர். முற்றிய நிலையில் விழுங்கும் திறன் குன்றி, தீவனமும் எச்சிலும் மூச்சுக்குழலுக்குள் போவதால் நுரையீரல் அழற்சி வருவதுண்டு. பல மான்கள் அதனாலேயே சாகின்றன.

பரவல்

எச்சில், சிறுநீர், சாணம் வழியாக நோய் தொற்றுகிறது. நோயுற்ற மான்களின் கழிவோ அழுகிய உடலோ கிடந்த நிலத்தில் விடப்படும் நலமான மான்களுக்கும் அது தொற்றும் என 2004இல் வில்லியம்ஸ் பங்கேற்ற ஆய்வு காட்டியது. 1981இல் காட்டு எல்க்கிலும், 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமானிலும் நோய் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.